இரத்த அழுத்தம்: ஒருவருடைய நோய், ஒரு வீட்டின் பொறுப்பு

 

நமது அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் இரண்டு வகை திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, பக்கவாதம் வந்து கை கால் விழுந்தவருக்கான மனு. மற்றொன்று, சிறுநீரகம் செயலிழந்து வாரத்தில் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கான மனு. மனுவோடு வரும் குடும்பத்தாரிடம் பேசினால் பல வீடுகளில் ஒரே செய்தியைக் கேட்கிறோம். "அவருக்கு பிரஷர் இருந்துச்சு, கொஞ்ச நாள் மாத்திரை சாப்பிட்டார், நல்லாத்தானே இருக்கேன்னு நிறுத்திட்டார்" என்பார்கள். அல்லது, "பிரஷர் இருந்ததே எங்களுக்குத் தெரியாது" என்பார்கள்.

ஜகாத், ஸதகா நிதியிலிருந்து நம்மால் இயன்றதைக் கொடுக்கிறோம். ஆனால் விழுந்துவிட்ட கையை எந்த நிதியாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிவதில்லை. சம்பாதித்தவர் படுக்கையில் விழுகிறார். மூத்த மகன் படிப்பை நிறுத்திவிட்டுக் கடை வேலைக்குப் போகிறான். வீட்டு நகை அடகுக்குப் போகிறது. இவற்றில் பெரும்பகுதி முன்கூட்டியே தடுக்கக்கூடியது என்பதால்தான் இந்த இதழின் நலவாழ்வுப் பாடத்தை உயர் இரத்த அழுத்தத்துக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

இந்தப் பாடத்தின் மையக் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நோய் ஒருவர் உடம்பில் இருந்தாலும், அதைக் கட்டுப்படுத்தும் வேலை வீட்டிலுள்ள எல்லோருக்கும் உரியது. ஏனென்றால் உப்பு அவர் தட்டில் மட்டும் விழுவதில்லை. எல்லோருக்கும் பொதுவாகக் கொதிக்கும் சட்டியில் விழுகிறது.

எண்கள் சொல்வது என்ன?

இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் ஏற்படும் அழுத்தம் மேல் எண். இதயம் விரிந்து ஓய்வெடுக்கும்போது இருக்கும் அழுத்தம் கீழ் எண். 120/80 அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக இருப்பது இயல்பு. வெவ்வேறு நாட்களில் மருத்துவமனையில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது உயர் இரத்த அழுத்தம். மேல் எண், கீழ் எண் இரண்டில் ஒன்று மட்டும் கூடியிருந்தாலும் அதுவும் நோய்தான். 120க்கும் 140க்கும் இடையில் இருப்பவர்கள், "இன்னும் வரவில்லை" என்று நிம்மதியாக இருந்துவிடாமல் இப்போதே பழக்கங்களை மாற்றத் தொடங்க வேண்டும். அவர்களுக்குத்தான் இந்தப் பாடம் அதிகம் பயன்படும்.

நம் நாட்டில் 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நூற்றுக்கு 24 பேருக்கும் பெண்களில் நூற்றுக்கு 21 பேருக்கும் அழுத்தம் கூடியிருந்தது அல்லது அதற்காக மருந்து சாப்பிட்டு வந்தார்கள். இதை நம் பள்ளிவாசல் கணக்கில் பாருங்கள். ஜும்ஆவில் 25 பேர் நிற்கும் ஒரு ஸஃப்பில் ஏறத்தாழ 6 பேர். அந்த ஆறு பேரில் சிலருக்குத் தமக்கு அது இருப்பதே தெரியாது. காரணம், இந்த நோய்க்குப் பெரும்பாலும் அறிகுறியே கிடையாது. தலைவலி, மயக்கம், படபடப்பு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்குச் சில சமயம் முதல் அறிகுறியே பக்கவாதமாக வந்துவிடுகிறது. கூடிய அழுத்தம் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் மூளை, இதயம், சிறுநீரகம், கண் ஆகியவற்றின் நுண்ணிய குழாய்களைத் தடிக்கவைத்துக் கெடுக்கிறது.

ஆகவே 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது அளந்துகொள்ள வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது இலவசம்.

சரியாக அளப்பது எப்படி?

தவறாக அளந்தால் நோயில்லாதவருக்கு மாத்திரை வரும், நோயுள்ளவர் தப்பிவிடுவார். இதைக் கவனியுங்கள்.

அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து தேநீர், காபி, பீடி, சிகரெட் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். பாதங்கள் தரையில் படிய வேண்டும். கால்மேல் கால் கூடாது. ஐந்து நிமிடம் அமைதியாக இருங்கள். கையை மேசைமேல் இதயத்தின் உயரத்துக்கு வையுங்கள். பட்டையைச் சட்டைக்கோ புர்காவுக்கோ மேல் சுற்றாமல் வெறும் கையில் சுற்ற வேண்டும். அளக்கும்போது பேசக் கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து, இரண்டையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள்.

மருத்துவரைப் பார்த்ததும் பயத்தில் அழுத்தம் ஏறுபவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் கைப்புஜத்தில் சுற்றும் மின்னணுக் கருவியால் ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து அந்த நோட்டை மருத்துவரிடம் காட்டலாம். வீட்டில் அளக்கும்போது 135/85 என்பதே எல்லை. மணிக்கட்டில் கட்டும் கருவிகளை நம்பியிருக்க வேண்டாம்.

உப்புக் கணக்கு

வாழ்க்கைமுறை மாற்றம் என்றால் முதல் இடம் உப்புக்குத்தான். உப்பிலுள்ள சோடியம் உடம்பில் தண்ணீரைத் தேக்குகிறது. தண்ணீர் தேங்கினால் குழாய்களில் ஓடும் இரத்தத்தின் அளவு கூடுகிறது, அழுத்தமும் கூடுகிறது.

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்குள், உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சோற்றில் போடுவது, ஆணத்தில் போடுவது, ஊறுகாயில் இருப்பது, பிஸ்கட்டில் மறைந்திருப்பது எல்லாம் சேர்ந்துதான் இந்த 5 கிராம். நாம் சாப்பிடுவது இதைவிட வெகு அதிகம்.

நம் வீட்டில் எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆய்வகம் வேண்டாம், ஒரு பேனா போதும். அடுத்த முறை ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது அதன்மேல் தேதி எழுதுங்கள். மீன், இறைச்சி கழுவவும் பாத்திரம் துலக்கவும் வேறு பாக்கெட்டில் கல் உப்பு வைத்துக்கொள்ளுங்கள். அது இந்தக் கணக்கில் சேராது. பாக்கெட் தீர்ந்த அன்று நாட்களை எண்ணுங்கள்.

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஆளுக்கு 5 கிராம் என்றால் நாளொன்றுக்கு 25 கிராம். ஒரு கிலோ 40 நாள் வர வேண்டும். வெளியில் வாங்கித் தின்பதிலும் உப்பு இருப்பதால் உண்மையில் 40 நாளையும் தாண்டி வந்தால்தான் சரி. 20 நாளில் தீர்ந்தால் உங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் இரண்டு மடங்கு உப்பு தின்கிறார்கள். அந்த வீட்டில் வாப்பாவுக்கு மட்டும் நோய் இருக்கலாம். ஆனால் பிள்ளைகளின் நாக்கும் அதே உப்புக்குப் பழகி வருகிறது. இருபது ஆண்டுகள் கழித்து அவர்கள் கையிலும் அதே மாத்திரைச் சீட்டு இருக்கும்.

ஆகவே நோயாளிக்குத் தனிச் சட்டியில் உப்பில்லாமல் சமைப்பதை நாம் பரிந்துரைப்பதில்லை. அது சில நாட்களே ஓடும். தனக்கு மட்டும் சப்பென்ற சாப்பாடு என்று அவர் மனம் நோவார். பிறகு மருமகள் பார்க்காத நேரத்தில் ஊறுகாய் பாட்டிலைத் திறப்பார். எல்லோருக்கும் சேர்த்து, சிறிது சிறிதாகக் குறையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, போடும் உப்பில் கால் பங்கு குறைத்தால் போதும். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். அதன்பின் பழைய அளவு உப்பு போட்ட சாப்பாடு உங்களுக்கே கரிக்கும்.

குறைக்க உதவும் சில வழிகள்:

சோறு வடிக்கும்போதும் இடியாப்ப மாவு பிசையும்போதும் உப்பு வேண்டாம். தொட்டுக்கொள்ளும் ஆணத்தில் இருக்கிறதே, அது போதும். ஆணத்துக்குப் புளி, எலுமிச்சை, மிளகு, இஞ்சி, பூண்டு, மல்லித்தழை, புதினா ஆகியவற்றால் சுவை கூட்டுங்கள். புளிப்பு ஏறினால் உப்புக் குறைவு தெரியாது. உப்பைக் கையால் அள்ளிப் போடாமல் கரண்டியால் அளந்து போடுங்கள். தஸ்தர்கானில் உப்புக் கிண்ணம் வைக்கும் வழக்கத்தை விடுங்கள். ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய், கருவாடு ஆகியவை உப்பில் ஊறியவை. அன்றாடம் இருக்க வேண்டாம், எப்போதாவது, கொஞ்சமாக. கருவாட்டை நன்றாக ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீரில் கழுவினால் உப்பு ஓரளவு இறங்கும். முழுவதும் இறங்காது.

பாக்கெட் பண்டங்களில் உப்பு என்று எழுதாமல் சோடியம் என்று எழுதியிருப்பார்கள். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஏறத்தாழ 1 கிராம் உப்பு. ஒரு நாளுக்கான எல்லை 2000 மில்லிகிராம் சோடியம். மிக்சர், சிப்ஸ், நூடுல்ஸ் மசாலா, சாஸ் வகைகளின் பின்பக்கத்தை ஒருமுறை படிக்கச் சொல்லிப் பிள்ளைகளையே கணக்குப் போட வையுங்கள். சமையல் சோடா, வயிற்றெரிச்சலுக்குத் தண்ணீரில் பொங்கவைத்துக் குடிக்கும் தூள் ஆகியவற்றிலும் சோடியம் உண்டு.

சட்டியில் சேர வேண்டியவை

உப்பைக் குறைப்பதோடு பொட்டாசியம் உள்ள உணவைக் கூட்டினால் அழுத்தம் மேலும் இறங்கும். முருங்கைக்கீரை, அரைக்கீரை, பருப்பு, பயறு, வாழைப்பழம், கொய்யா, இளநீர் இவற்றில் அது உண்டு. அமெரிக்காவில் 1997ஆம் ஆண்டு வெளியான டேஷ் என்ற ஆய்வில், காய்கறி, பழம், கொழுப்பு நீக்கிய பால் பொருட்கள் நிறைந்த உணவை எட்டு வாரம் கொடுத்தார்கள். உப்பையும் உடல் எடையையும் மாற்றாமலே, உயர் அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் எண் சராசரியாக 11 அளவு இறங்கியது. ஒரு மாத்திரை செய்யும் வேலைக்கு இது சமம்.

ஓர் எச்சரிக்கை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில வகை அழுத்த மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கும் பொட்டாசியம் கூடினால் இதயத்துக்கே ஆபத்து. அவர்கள் இளநீர், பழச்சாறு, "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்கும் மாற்று உப்பு ஆகியவற்றை மருத்துவரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும்.

ஆட்டிறைச்சியை முழுவதும் விடச் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை, கொழுப்பை நீக்கி, காய்கறியோடு சேர்த்துச் சமையுங்கள். மீன் நல்லது, பொரிப்பதைவிட ஆணமாக வைப்பது மேல். நெய்யும் டால்டாவும் மிதக்கும் விருந்துச் சாப்பாடு மாதத்தில் நாலைந்து வலீமாக்களில் வந்துவிடுகிறது. அங்கே ஸஹனில் உட்காரும்போது, வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த அளவை நினைவில் வைப்போம். உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற கருத்தில் வரும் இறைக்கட்டளை, பணத்துக்கு மட்டுமல்ல, நம் உடம்புக்கும் பொருந்தும்.

நடையும் எடையும்

வாரத்தில் 5 நாள், நாளுக்கு 30 நிமிடம் வேக நடை. பேச முடிய வேண்டும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுவே சரியான வேகம். இப்படித் தொடர்ந்து நடந்தால் அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் எண் 5 முதல் 8 வரை இறங்கக்கூடும். எடை கூடியவர்கள் ஒரு கிலோ குறைத்தால் ஏறத்தாழ ஓர் அளவு அழுத்தம் குறையும். ஐந்து கிலோ குறைத்தவருக்கு அது பெரிய உதவி.

"ஐந்து வேளை தொழுகிறோமே, அது உடற்பயிற்சி இல்லையா?" என்று கேட்பார்கள். தொழுகை இபாதத். மூட்டுகளுக்கு அதனால் நன்மை உண்டு. ஆனால் அரை மணி நேர நடைக்கு அது ஈடாகாது. அதே நேரம், பள்ளிவாசலுக்கு நடந்து செல்லும் ஒவ்வொரு எட்டுக்கும் நன்மை உண்டு என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. பக்கத்துத் தெருப் பள்ளிக்கு பைக்கை எடுப்பவர்கள் ஃபஜ்ருக்கும் இஷாவுக்குமாவது நடந்து வரலாம். ஃபஜ்ர் முடிந்து நேரே வீட்டுக்குத் திரும்பாமல் ஊரை ஒரு சுற்றுச் சுற்றினால் நாளுக்கான நடை முடிந்தது.

நம் பெண்கள் நடப்பதற்கு இடமில்லை என்பது உண்மையான குறை. மொட்டை மாடியில் நடக்கலாம். அண்டை வீட்டு ராத்தா, மாமிமாரோடு நாலைந்து பேராகக் காலையில் நடக்கலாம். வீட்டு வேலையே போதும் என்று எண்ண வேண்டாம். அதில் உடம்பு அசதியாகுமே தவிர, இதயம் சீராக அரை மணி நேரம் வேலை செய்வதில்லை. இதற்கு ஆண்கள் ஒன்று செய்யலாம்: அந்த அரை மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம்.

புகையிலை, தூக்கம், கோபம்

பீடி, சிகரெட் மட்டுமல்ல, வெற்றிலையோடு மெல்லும் புகையிலையும் அழுத்தத்தை ஏற்றுகிறது. நம் மூத்தம்மாமார்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். மது நமக்கு ஹராம். அதைப் பற்றி விரிவாக எழுதத் தேவையில்லை.

இரவு ஒரு மணி வரை கைபேசியில் இருந்துவிட்டு ஃபஜ்ருக்கு எழ முடியாமல் போவது மார்க்கத்துக்கும் இழப்பு, உடம்புக்கும் இழப்பு. இஷாவுக்குப் பின் சீக்கிரம் உறங்குவது சுன்னத்தான வழக்கம். பலத்த குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கு மாத்திரைக்கும் அடங்காத அழுத்தம் இருக்கக்கூடும். அவர் மனைவிதான் இதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும், உறங்குபவருக்குத் தெரியாது.

கோபம் வந்தால் நிற்பவர் உட்காரவும், அப்போதும் அடங்காவிட்டால் படுத்துக்கொள்ளவும் ஹதீஸ் வழிகாட்டுகிறது. கோபத்தில் அழுத்தம் சட்டென ஏறும் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த வழிகாட்டலின் அருமை தெரியும். கடை பாக்கிக்காகவும் பாகப்பிரிவினைக்காகவும் நாம் கத்தும் கத்தல், எதிராளியைவிட நம்மையே அதிகம் பாதிக்கிறது.

மாத்திரையும் பழக்கமும்

பழக்கங்களை மாற்றினால் சிலருக்கு மாத்திரையே தேவைப்படாமல் போகலாம். சிலருக்கு மாத்திரையின் அளவு குறையலாம். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். "இப்போது 120/80 தான் இருக்கிறது, இனி எதற்கு மாத்திரை?" என்று நிறுத்துவது, குடை பிடித்திருப்பதால் நனையவில்லை என்பதை மறந்து மழையில் குடையை மடக்குவது போன்றது. சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிடக் கூடுதலாக எகிறும்.

அம்லோடிபின் சாப்பிடும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடும் சிலருக்கு வறட்டு இருமல் வரும். இப்படி வந்தால் மாத்திரையைத் தூக்கி எறிய வேண்டாம். மருத்துவரிடம் சொன்னால் வேறு மாத்திரை மாற்றித் தருவார்.

மருந்துக்கடையில் நாமாகக் கேட்டு வாங்கும் மூட்டுவலி மாத்திரைகளான டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் போன்றவை அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். இருமலுக்குத் தினமும் அதிமதுரம் மெல்லுவதும் அழுத்தத்தைக் கூட்டும். ஒருவருக்கு எழுதிய மாத்திரையை இன்னொருவர் சாப்பிடக் கூடாது. குறிப்பாகக் கர்ப்பிணிகள், சில அழுத்த மாத்திரைகள் வயிற்றிலுள்ள பிள்ளையைப் பாதிக்கும். கர்ப்பத்தில் அழுத்தம் கூடினால் அது தாய்க்கும் பிள்ளைக்கும் அவசரமான விஷயம்; ஒரு பரிசோதனையைக்கூடத் தவறவிடக் கூடாது.

செலவுக்கு அஞ்சி மாத்திரையை விடுபவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். அங்கே மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவர்கள் போன்றோருக்கு அழுத்தம், சர்க்கரை நோய்களுக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இதை வாங்குவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் கணவர், மகன், சகோதரர்களையும் மறக்க வேண்டாம். அறையில் தங்கி, ஓட்டல் சாப்பாடும் இரவு வேலையுமாக இருப்பவர்கள் அவர்கள். வாராவாரம் பேசும்போது, "பணம் அனுப்பியாச்சா?" என்பதோடு "பிரஷர் பார்த்தீங்களா?" என்றும் கேளுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்துப்புக்கு மாறினால் போதுமா?
போதாது. இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். கல் உப்பும் அப்படியே. நிறத்தை மாற்றுவதால் பயனில்லை. அளவைக் குறைக்க வேண்டும்.

கருஞ்சீரகமும் ஹிஜாமாவும் நபிவழி மருத்துவம் அல்லவா? பிறகு மாத்திரை எதற்கு?
கருஞ்சீரகத்தின் சிறப்பைச் சொன்ன ஹதீஸை நாம் நம்புகிறோம். சாப்பிட விரும்புபவர் உணவோடு அளவாகச் சாப்பிடலாம். ஆனால் அதே நபி (ஸல்) அவர்கள்தாம் அல்லாஹ் ஒவ்வொரு நோய்க்கும் நிவாரணத்தை வைத்திருக்கிறான், சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்றும் வழிகாட்டினார்கள். மாத்திரையை நிறுத்துங்கள் என்று எந்த ஹதீஸும் சொல்லவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்பிக்கப்பட்ட உம்மத் நாம். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் ஹிஜாமாவுக்கு முன் மருத்துவரைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

அழுத்தம் உள்ளவர் ரமலான் நோன்பு வைக்கலாமா?
அழுத்தம் கட்டுக்குள் இருப்பவர்களில் பெரும்பாலோர் வைக்கலாம். ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரைப் பார்த்து, மாத்திரை நேரத்தை ஸஹருக்கோ இஃப்தாருக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அளவும் நேரமும் மாற வேண்டியிருக்கலாம். ஸஹரில் கருவாடும் ஊறுகாயும் வேண்டாம். பகலெல்லாம் தாகம் வாட்டும். இஃப்தாரில் பேரீச்சம்பழம், தண்ணீர், கஞ்சி போதும். சமோசாவும் வடையும் தினமும் தேவையில்லை. கருவியால் அழுத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது. அழுத்தம் கட்டுப்படாதவர், சிறுநீரகமோ இதயமோ பழுதானவர் ஆகியோருக்கு மருத்துவர் வேண்டாமென்றால் அல்லாஹ் தந்த சலுகையை ஏற்றுக்கொள்வதும் கீழ்ப்படிதல்தான். களா செய்வதா, ஃபித்யா கொடுப்பதா என்பதை ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவை தெரிந்தால் தாமதிக்காதீர்கள்

முகம் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ திடீரென வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல். இவற்றில் ஒன்று வந்தாலும் பக்கவாதம் என்று கொண்டு உடனே 108ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உறவினர் எல்லோரும் வந்து சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வாயில் மாத்திரையோ தண்ணீரோ, அன்பினால் ஜம்ஜம்கூட, ஊற்ற வேண்டாம். விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழாயில் போய்விடும். துஆச் செய்யுங்கள், வாகனத்தையும் கிளப்புங்கள்.

அழுத்தம் 180/120க்கு மேல் இருந்து, அத்துடன் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கடும் தலைவலி, பார்வை மங்கல் இருந்தாலும் உடனே மருத்துவமனைதான். அறிகுறி எதுவும் இல்லாவிட்டால் ஐந்து நிமிடம் ஓய்வெடுத்து மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் அதே அளவு என்றால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

இந்த மாதத்துக்கான வீட்டுப்பாடம்

1. வீட்டில் 18 வயது தாண்டிய எல்லோருக்கும் அழுத்தம் அளந்து ஒரே நோட்டில் எழுதுங்கள். எல்லோருக்கும் பார்த்துவிட்டுத் தன்னை விட்டுவிடும் உம்மாவின் பெயரை முதல் வரியில் எழுதுங்கள்.

2. உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதுங்கள். ஒரு கிலோ எத்தனை நாள் வருகிறது என்று குறியுங்கள்.

3. வாரம் 5 நாள், 30 நிமிட நடை. முடியாதவர்கள் 10 நிமிடத்தில் தொடங்கட்டும். குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்பது நாம் அறிந்ததே.

4. மாத்திரை சாப்பிடுபவரின் மாத்திரையை எண்ணிவைக்கும் பொறுப்பை வீட்டில் ஒரு பிள்ளையிடம் கொடுங்கள்.

ஊர் அளவிலும் ஒரு வேலை இருக்கிறது. ரமலானில் பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சி ஒவ்வொரு வீட்டுக்கும் போகிறது. கஞ்சி காய்ச்சும் பண்டாரியிடம் பேசி, உப்பை அளந்து, வழக்கத்தைவிடக் குறைத்துப் போடும்படி ஒவ்வொரு மஹல்லா நிர்வாகத்தையும் கேட்டுக்கொள்கிறோம். உப்பு தேவைப்படுபவர் வீட்டில் சேர்த்துக்கொள்ளலாம். போட்ட உப்பை யாராலும் எடுக்க முடியாது.

உடம்பு நமக்குச் சொந்தமான பொருளன்று. அல்லாஹ் தந்த அமானிதம். அதற்கு நம்மீது உரிமை உண்டு. நம்மை நம்பியிருக்கும் மனைவி மக்களுக்கும் அதில் உரிமை உண்டு. நோயுற்றோருக்கு அல்லாஹ் முழு ஷிஃபாவைத் தருவானாக. நம் குடும்பங்களைப் படுக்கையில் வீழ்த்தும் நோய்களிலிருந்து காப்பானாக. ஆமீன்.